மூலை இல்லாத பாத்திரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆத்தா சந்நிதியில் மூன்று வருசம் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் எழுது, சிவப்பு வந்தால் விட்டுவிடு என்று மனசில் நினைத்து, இரண்டையும் வெற்றிலையில் தனித்தனியாக மடித்துப் போட்டு, ஆடிக்கு ஆடி ஒரு தரம் எடுத்தேன். மூன்று தரமும் வெள்ளைதான் வந்தது. ஆத்தா எழுதச் சொல்லிவிட்டாள். எழுதாதது நான்தான். நோட்டை எடுப்பேன், பேனாவைத் திறப்பேன், அடுப்பில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். எட்டாவது வரைக்கும் படித்தவளுக்கு எழுத வருமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவளைப் பற்றி எழுதினால் என் தப்பையும் எழுத வேண்டும். அதுதான் காரணம்.

எங்களுக்குச் சிவகாசியில் பாத்திரக்கடை. மத்தியானம் எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுத் தலை சாய்க்கிற நேரம் நான்தான் கடையில் இருப்பேன். கொரோனா முடிந்த மறு வருசம், ஊரில் பாதிப் பெண்பிள்ளைகள் கேக் கிளாஸுக்குப் போனார்கள். அதை நம்பி எங்க வீட்டுக்காரர் ஓவனில் வைக்கிற பீங்கான் பாத்திரம் கொஞ்சம் இறக்கினார். ஊறுகாய் ஜாடி இருக்கிறதே, அதே கனம், அதே வழவழப்பு. ஜாடியை உயரம் குறைத்து அகலமாக்கின மாதிரி இருக்கும். வட்டத்தில் பெரிசு ஒன்று, சின்னது ஒன்று, முட்டை வடிவம், சதுரம். இரண்டு பக்கமும் காது. கேக் கிளாஸ் பிள்ளைகள் கையில் தூக்கிப் பார்த்து, "யம்மா, என்னா கனம்" என்று வைத்துவிட்டு, தகர அச்சை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவை மேல் தட்டில் தூசி பிடித்துக் கிடந்தன.

அந்தக் கனத்தைத் தேடித்தான் அவள் வந்தாள்.

வெம்பக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினவள். நாற்பது வயசு இருக்காது. பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். கடைக்குள் வந்ததும் மேல் தட்டையே பார்த்தாள். கேட்டது ஒரே கேள்வி.

"அக்கா, அது நகருமா?"

"எது?"

"அந்தப் பீங்கான். கீழ வச்சு ஓரத்துல இடிச்சா நகருமான்னு கேக்குறேன்."

பெரிய வட்டத்தை இறக்கி மேசைமேல் வைத்தேன். அவள் விரலை மடக்கிக்கொண்டு மணிக்கட்டால் இடித்தாள். அது அசையவில்லை. மறுபடியும் இடித்தாள். பெருமூச்சு விட்டாள்.

"எவர்சில்வர் ஓடுதுக்கா. அவரு இடிக்க இடிக்க அது வாசலுக்குப் போயிருது. பின்னாடியே இவரும் தவந்து போறாரு."

"கேக் சுடத்தான கேக்குற தாயி?"

"சோறு போடக்கா."

அப்புறம்தான் சொன்னாள். அவள் புருசன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். ஏழு மாசத்துக்கு முந்தி அந்த ரூம் வெடித்ததில் ஒரு பெண் அங்கேயே போய்விட்டாள். இவர் பிழைத்தார். வலது கையில் விரல் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இடது கையில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டு மடங்காமல் நிற்கிறது. வலது மணிக்கட்டில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒரு ஸ்பூனைக் கட்டிவிட்டிருக்கிறாள்.

"ஊட்டி விட வேண்டியதுதான?" என்று கேட்டேன். கேட்கக் கூடாததுதான்.

"ஊட்டுனேன்க்கா. வாய்க்கரிசி போடாதடி, நான் இன்னும் பொணமாகலன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் எங் கைச்சோறு உள்ள எறங்கல."

அவளுடைய குணம் என்னவென்று அன்றைக்கே பார்த்துவிட்டேன். பையிலிருந்து பழைய சேலைக் கிழிசல் இரண்டை எடுத்தாள். பல்லால் கடித்து இழுத்து, தன் இரண்டு கை விரல்களையும் மடக்கி, மொழுக்கென்று உருண்டையாகக் கட்டிக்கொண்டாள். இன்னொரு ஸ்பூனையும் ட்யூபையும் என்னிடம் நீட்டி, "மணிக்கட்டுல மாட்டி விடுங்கக்கா" என்றாள். ஒரு பொட்டலம் பொரிகடலையைப் பாத்திரத்தில் கொட்டச் சொன்னாள். கட்டின கையோடு அள்ளிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

எதையும் அவரிடம் கேட்க மாட்டாள். முதலில் தன் விரலைக் கட்டிக்கொள்வாள். அவருக்கு முடியுமா முடியாதா என்பது அப்புறம்தான். கதவுத் தாழ்ப்பாளை அப்படித்தான் பார்த்தாளாம், வரவில்லை என்றதும் தாழ்ப்பாளில் ஒரு கயிற்று வளையத்தைக் கட்டினாள். சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், வரவில்லை, எல்லாவற்றையும் அறுத்துவிட்டு ஒட்டுகிற பட்டையை வைத்துத் தைத்தாள். சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு ஊனச் சான்றுக்கு மனுக் கொண்டு போவதற்கு முந்தி, அவருக்குக் கைநாட்டு வைக்கக் கட்டைவிரல் இல்லையே என்று, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பேனாவைப் பிடித்து அவர் பெயரை எழுதிப் பழகினாளாம். பதினாறு நாள். பதினேழாம் நாள் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். மனுவில் அவரே கையெழுத்துப் போட்டார்.

"அன்னைக்கு மட்டும் வர்ற வழியில ரெண்டு இட்லி தின்னாருக்கா" என்றாள்.

வந்தால் வெறும் வயிற்றோடுதான் வருவாள். ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். "பசியோட பாத்தாத்தான்க்கா தெரியும். வயிறு நெறஞ்சிருந்தா, கடலை நழுவுனா நழுவட்டும்னு இருக்கும். பசியில நழுவுனா அழுகை வருது."

பெரிய வட்டத்தில் கடலை ஸ்பூனுக்கு முன்னால் ஓடியது. சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்தது. ஸ்பூன் துரத்துகிறது, கடலை ஓடுகிறது. குக்கருக்கு ரப்பர் வாங்க வந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, கடலைக்கு ஓட்டப்பந்தயம் வைக்கிறியா?" என்றாள்.

"ஆமாத்தே. ஜெயிச்ச கடலைய ஒங்களுக்குத்தான் தரப்போறேன்" என்றாள் இவள், தலையைத் தூக்காமலே.

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தூக்கம் கலைந்து வந்த எங்க வீட்டுக்காரர், "இவுக பாத்திரம் வாங்க வந்துருக்காகளா, பாத்திரத்துக்குப் பரீட்சை வைக்க வந்துருக்காகளா?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு கடலையை ஸ்பூனில் ஏற்றினாள். வாய்க்குப் போகுமுன் அது விழுந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

பெரிய வட்டத்தைக் கொண்டுபோய்ப் பார் என்று கொடுத்தேன். எட்டு நாள் கழித்து வந்தாள். சோறும் அப்படியே ஓடுகிறதாம். சின்ன வட்டத்தில் ஓட இடம் இருக்காதே என்று அதையும் கொடுத்தேன். சின்னதில் சோறு விளிம்பைத் தாண்டி மடியில் விழுகிறது. அடுத்து முட்டை வடிவம். அதில் இரண்டு நுனியிலும் கொஞ்சம் சேர்கிறது, ஆனால் ஸ்பூன் கிட்டே போனால் சரிந்து திரும்பி வந்துவிடுகிறது. இப்படியே இரண்டு மாசம் போனது.

சதுரத்தை மட்டும் அவள் தொடவில்லை. முதல் நாளே நான் அதை இறக்கப் போனேன். "அது வேணாம்க்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா தாயி, மூலைன்னா கழுவவும் சள்ளை, அழுக்கும் தங்கும். வட்டம்தான் நல்லது."

எங்க ஊரில் இப்படித்தான் வாயில் வரும். எங்க அப்பா மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வீட்டுக்குள் வருமுன் வேட்டியின் நாலு மூலையையும் உதறிவிட்டுத்தான் வருவார். மருந்து நடுவில் நிற்காது, மூலையில்தான் போய்த் தங்கும். ஒரு சிட்டிகை தங்கினால் போதும். சல்லடை வட்டம், சட்டி வட்டம், எல்லாம் வட்டம். மூலை என்றால் பயம், வட்டம் என்றால் பத்திரம். அதே நினைப்பில் ஒரு மனுசன் சோறு தின்கிற பாத்திரத்துக்கும் நாங்கள் இரண்டு பேரும் வட்டத்தையே தேடிக்கொண்டிருந்தோம். அவர் அங்கே பட்டினி கிடந்தார். அவர் சாப்பிட்டபின் சாப்பிடுகிற பழக்கம் அவளுக்கு. அவளும் கிடந்தாள்.

நாலாவது தரம் வந்தபோது அவள் கழுத்தெலும்பு தெரிந்தது.

"எம்புட்டு சாப்பிடுறாக?"

"நேத்து ரெண்டு வாய். முந்தாநாள் ஒண்ணுமில்ல. பேசவும் மாட்டேங்காருக்கா. செவுத்தப் பாத்து ஒக்காந்துருக்காரு. நான் என்ன செய்யட்டும்? எனக்கு இனி எதைக் கட்டிப் பாக்கன்னு தெரியல. கண்ணையா கட்டிப் பாக்க?"

கையைக் கட்டிக்கொண்டு முட்டைப் பாத்திரத்தை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மீதி இருந்தது அந்தச் சதுரம் ஒன்றுதான். இறக்கி, கடலையை அதில் கொட்டி, அவள் கைக்கு நேராக வைத்துவிட்டேன். அவள் பின்வாங்கப் போனாள். "ஒரே ஒரு தரம் தாயி" என்றேன்.

தள்ளினாள். கடலை ஓடியது. மூலைக்குப் போனது. நின்றுவிட்டது. அங்கே இருந்து போக அதற்கு வழியில்லை. ஸ்பூன் அடியில் போய் அப்படியே அள்ளிக்கொண்டு வந்தது. ஸ்பூன் நிறைய. வாய் வரைக்கும்.

நான் சந்தோசத்தில் கைதட்டினேன். அவளைப் பார்த்தால் முகத்தில் ரத்தமே இல்லை. வாய்க்குப் போனதைத் தின்னவில்லை. மூலையில் மிச்சம் நின்ற நாலு கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கிருச்சுக்கா" என்றாள்.

"தங்கணும்னுதான தாயி பாத்தோம்?"

"அந்த ரூம்பக் கூட்டுறது நான்தான்க்கா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கட்டின கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "மருந்து கலக்குற ரூம்பு. தெனமும் நான்தான் கூட்டி, ஈரத்துணி போட்டுட்டு வெளிய வருவேன். அப்புறந்தான் அவரும் அந்தப் பொண்ணும் உள்ள போவாக. அன்னைக்கும் கூட்டுனேன். மூணு மூலை கூட்டுனது ஞாபகம் இருக்குக்கா. நாலாவது மூலை ஞாபகமே வரமாட்டேங்குது. கூட்டுனேனா, விட்டுட்டேனா? எம்புட்டு யோசிச்சாலும் வரல. ராத்திரி பகலா அந்த மூலையிலதான்க்கா நிக்கிறேன்."

எதனால் வெடித்தது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. வெயில் என்றார்கள், உராய்வு என்றார்கள். அவரிடம் கேட்டாயா என்றேன். எந்த வாயால் கேட்பேன் என்றாள். சதுரத்தை எடுக்காமலே எழுந்து போய்விட்டாள்.

இனி எழுதப் போவதுதான் என் தப்பு.

அன்றைக்குச் சாயங்காலம் என் நாத்தனார் வந்திருந்தாள். எனக்கு மனசு கனத்துக் கிடந்தது. பாவம் அந்தப் பிள்ளை என்றுதான் ஆரம்பித்தேன். ஆத்தா சத்தியமாக இரக்கத்தில்தான் சொன்னேன். "அந்த ரூம்பக் கூட்டுனவ அவதானாம். ஒரு மூலைய விட்டுட்டேனோன்னு நெனச்சு நெனச்சு உருகுறா" என்றேன். நாத்தனாரும் உச்சுக் கொட்டினாள். கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்து, சதுரத்தை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு வெம்பக்கோட்டை பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஒற்றை ரூம், மேலே ஆஸ்பெட்டாஸ். வீடு பூரா கயிற்று வளையம். தாழ்ப்பாளில், தண்ணீர்க் குடத்து மூடியில், விசிறியின் சுவிட்சில், பெட்டியில், எல்லாம் முழங்கை நுழைகிற அளவு. எத்தனை நாள் விரலைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டில் நடந்திருப்பாளோ.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலும். "வாங்க, கடைக்கார அக்காவா? கும்பிட முடியாது. மனசுல கும்பிட்டுக்கிட்டேன்" என்றார்.

அவள் பாத்திரத்தைப் பார்த்ததும் அடுப்பு மூலைக்குப் போய்விட்டாள். நானே சோற்றைப் போட்டேன், புளிக்குழம்பை ஊற்றிப் பிசைந்தேன், அவர் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். மாரியாத்தா, ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் நம்பிக்கை இல்லாமல்தான் தள்ளினார். சோறு மூலைக்குப் போய் நின்றது. ஸ்பூன் அடியில் போனது. வாய்க்கு வந்தது. அவர் மென்றார். இன்னொரு தரம். இன்னொரு தரம். பாதிக்கு மேல் தின்றபிறகு தலையைத் தூக்கி, "இது இம்புட்டு நாளா எங்கன இருந்துச்சு?" என்று கேட்டார்.

எங்க கடை மேல் தட்டில் இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்குச் சோறு உள்ளே போனதும் பேச்சு வந்துவிட்டது. "மூலையில மாட்டித்தான வருது? பாத்தீகளா. கம்பெனியில மூலைய வைவோம். இங்க மூலைதான் சோறு போடுது" என்று சிரித்தார். பிறகு அவளுக்குக் கேட்கட்டும் என்று இல்லை, என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார்: "எங்க ரூம்ப இவதான் கூட்டுவா. நான் உள்ள போனதும் வெறுங்காலால நாலு மூலையையும் தடவிப் பாப்பேன், மருந்தத் தொடுறதுக்கு முந்தி. அது என் பழக்கம். அன்னைக்குக் காலையிலயும் தடவிப் பாத்தேன். நாலு மூலையும். கால்ல ஒரு பொடி ஒட்டல."

அவள் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். செம்பைக் கீழே வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் போனாள். அழுகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அழவில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வந்து பாத்திரத்தை எடுத்துக் கழுவினாள். நாலு மூலையிலும் விரலை விட்டுத் தேய்த்தாள். கழுவி முடித்து மறுபடியும் தேய்த்தாள். மறுபடியும். "போதும் தாயி" என்றேன்.

"ஒரு பருக்கை கூட இல்லேல்லக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பாத்திரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். "இல்ல தாயி. ஒண்ணும் இல்ல" என்றேன். அப்புறம்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் நான் வியாழக்கிழமை சொன்னது எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. என் நாத்தனார் தெருவில் யாரிடமோ சொன்னபோது, மூலையை விட்டுவிட்டாளாம் என்று ஆகியிருந்தது. அங்கிருந்து போகையில் அவளே ஒத்துக்கொண்டாளாம் என்று ஆனது. வெம்பக்கோட்டை போய்ச் சேரும்போது, தெரிந்தேதான் விட்டாளாம் என்று ஆகிவிட்டது. இறந்துபோன பெண்ணின் அக்காவும் தம்பியும் அவள் வாசலுக்கு வந்தார்களாம். "எங்க பிள்ளையக் கூட்டிக் குப்பையில போட்டுட்டியேடி" என்று கத்தி, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்களாம். அவர் உள்ளேயிருந்து, நாலு மூலையும் நான் பார்த்தேன் என்று கத்தினாராம். புருசன் வேறு என்ன சொல்லுவான் என்று ஊர் சொல்லிவிட்டது. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். பெற்றவள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பிள்ளையின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியுமுன் ஒரு நாள் காலை கடையைத் திறக்கப் போனோம். ஷட்டருக்குக் கீழே ஒரு சாக்குப்பை இருந்தது. பிரித்தேன். பெரிய வட்டம், சின்ன வட்டம், முட்டைப் பாத்திரம். ஒன்றோடொன்று இடித்து உடையாமல் இருக்க, ஒவ்வொன்றையும் சேலைக் கிழிசலால் சுற்றியிருந்தது. அவள் விரலைக் கட்டுகிற கிழிசல். முடிச்சுப் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது, பல் கடித்த தடம் இருந்தது.

சதுரம் அதில் இல்லை.

அன்றைக்கே போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. தாழ்ப்பாளில் வளையம் தொங்கியது. வாசலில் தூற்றின மண்ணைச் சுத்தமாகக் கூட்டியிருந்தாள். எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. தெரியாது என்றார்கள். நான் யார் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நாத்தனாரிடம் போய் உட்கார்ந்து, அவள் புருசன் சொன்னதை நாலு பேரிடம் சொல்லு என்று கெஞ்சினேன். "இப்ப எதுக்கு மதினி அதெல்லாம்? அவுகதான் போய்ட்டாகள்ல" என்றாள். நானே தெருவில் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக் கேட்பார்கள். யாரும் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நான் முதலில் சொன்னது ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. இது நாலு வருசமாக எங்க தெருவைத் தாண்டவில்லை.

எந்த ஊரில் இருக்கிறாளோ. அவர் இன்னும் அந்தப் பாத்திரத்தில்தான் சாப்பிடுகிறார் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். அந்த நினைப்பு ஒன்றுதான் எனக்குச் சோற்றை இறக்குகிறது. அவள் இன்னும் அந்த நாலாவது மூலையில் நின்றுகொண்டிருக்கிறாளா, இல்லையா, அது எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். படித்ததை யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். அவள் மேல் இரக்கப்பட்டு எதையும் கூட்டவும் வேண்டாம். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகையில் என்ன ஆகும் என்று பார்த்தவள் சொல்கிறேன். மற்றது எல்லாம் மறந்தாலும் போகட்டும், அவர் சொன்னதை மட்டும் அவர் சொன்னபடியே சொல்லுங்கள்:

"அன்னைக்குக் காலையிலயும் தடவிப் பாத்தேன். நாலு மூலையும். கால்ல ஒரு பொடி ஒட்டல."